வெறும் போத்தலுக்கு விலை இருந்த காலமும் விலையில்லாத உபதேசமும்

அண்மைக் காலமாக ஓர் உபதேசம் எந்தப் பக்கம் திரும்பினாலும் காதில் விழுகிறது. "நம் சனங்களுக்குச் சுத்தம் தெரியாது. தண்ணீரைக் குடித்துவிட்டுப் போத்தலை வீதியில் வீசுவார்கள். ஜப்பானைப் பாருங்கள், சிங்கப்பூரைப் பாருங்கள்..." என்று நீளும் உபதேசம் அது. அமைச்சர்கள் சொல்கிறார்கள், பாடசாலை அதிபர்கள் சொல்கிறார்கள், விடுமுறையில் வந்து போகும் புலம்பெயர்ந்த உறவினர்களும் சொல்கிறார்கள். அதைவிடச் சுவையான சங்கதி, போத்தலை உற்பத்தி செய்து விற்பவர்களே அதை எல்லோரையும்விட உரத்துச் சொல்கிறார்கள்.

இந்த உபதேசம் பொய். என் மாத்தளையைச் சாட்சிக்கு அழைத்தே அதைச் சொல்கிறேன்.

என் வயதை ஒத்த மாத்தளைவாசிகளிடம் ஒரு கேள்வி. ஐம்பது, அறுபதுகளில் திருகோணமலை வீதியில் எங்கேனும் ஒரு வெறும் சோடாப் போத்தல் அநாதையாகக் கிடந்து கண்டிருக்கிறீர்களா? சுது கங்கையில் ஒரு போத்தல் மிதந்து போகப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. மிதந்திருந்தால் நான்கு பையன்களாவது ஆற்றில் குதித்திருப்போம். போத்தலுக்கு விலை இருந்தது என்பதே காரணம்.

கடையில் நின்று குடித்தால் சோடாவுக்கு மட்டும் காசு. வீட்டுக்கு எடுத்துச் சென்றால் போத்தலுக்கும் சேர்த்துச் சில சதங்கள் வைப்பாகக் கட்ட வேண்டும். போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தச் சதங்கள் கைக்கு வந்துவிடும். நெக்டோவோ, கிறீம் சோடாவோ, ஜிஞ்சர் பியரோ, விருந்தாளிக்கு வாங்கிய பானம் முடிந்ததும் வெறும் போத்தலைக் கழுவிக் கடைக்குக் கொண்டு ஓடுவது பிள்ளைகளின் உரிமை. அந்தச் சில்லறையில்தான் எங்கள் மிட்டாய் வந்தது. கடையின் பின்புறத்தில் இருபத்து நான்கு குழி கொண்ட மரப் பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். நிறைந்த போத்தலோடு வரும் லொறி வெறும் போத்தலோடு திரும்பிப் போகும். எஞ்சுவது தகர மூடி மட்டுமே. அதையும் நாங்கள் விட்டோமா? தண்டவாளத்தில் வைத்துத் தட்டையாக்கி, இரண்டு துளையிட்டு, நூல் கோத்துச் சுழற்றினோம். 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு வந்த ரயில் பாதையால் எங்களுக்குக் கிடைத்த பெரும் பயன் அதுதான்!

சோடாவோடு கதை முடியவில்லை. இலங்கையில் 'போத்தல்' என்பது பாத்திரத்தின் பெயர் மட்டுமன்று, ஓர் அளவையின் பெயரும்கூட. மண்ணெண்ணெய் ஒரு போத்தல், தேங்காயெண்ணெய் அரைப் போத்தல், நல்லெண்ணெய் கால் போத்தல் என்றுதான் கணக்கு. போத்தலைக் கொண்டு போனால்தான் எண்ணெய் கிடைக்கும். கொண்டு போகாதவன் வீட்டுக்குத் திரும்பி ஏச்சு வாங்குவான். சீனப்பாலின் வெறும் டின் அரிசி அளக்கும் சுண்டாயிற்று. இரத்தோட்டைப் பக்கமிருந்து வரும் கித்துள் பாணி பழைய சாராயப் போத்தலில்தான் வந்தது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அதே சாராயப் போத்தலில் சாயத்தண்ணியை ஊற்றி, காகிதத்தைச் சுருட்டி வாயை அடைத்து, மலைக்குக் கொண்டு போனார்கள். அதற்கும் உதவாத போத்தல்களை எடுக்க "போத்தல்... பத்தர..." என்று கூவிக்கொண்டு ஒருவர் சாக்கோடு வருவார். பழைய பத்திரிகையையும் போத்தலையும் எடைபோட்டுக் காசு தந்தவர் அவர்.

ஆக, குப்பை என்று ஒன்று எங்களிடம் ஏறக்குறைய இல்லை. சுகாதாரப் பரிசோதகர் வந்து பிரசங்கம் செய்ததால் வந்த ஒழுக்கமல்ல இது. அன்றைய மாத்தளையார் இன்றைய மாத்தளையாரைவிட நல்லவர்களும் அல்லர். வெற்றிலை எச்சிலை வீதியில் தாராளமாகத் துப்பியவர்களே அவர்கள். எச்சிலுக்கு விலை இல்லை, போத்தலுக்கு விலை இருந்தது. வித்தியாசம் இவ்வளவுதான்.

நிற்க. பழையது எல்லாம் பொன் என்று புலம்பும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். கண்ணாடி உடையும். உடைந்த சில்லில் வெறுங்காலை வைத்து இரத்தம் சிந்தாத தோட்டத்துப் பிள்ளை இல்லை. கழுவிய போத்தல் எல்லாம் கழுவப்பட்ட போத்தல் என்றும் சொல்ல முடியாது. சாராயப் போத்தலில் திரி போட்டு எரித்த குப்பி விளக்கு கவிழ்ந்து, லயத்துக் காம்பிராக்களிலும் கிராமத்துக் குடிசைகளிலும் எரிந்து போனவர்கள் ஏராளம். அந்தக் காயங்களைச் சத்திர சிகிச்சை மேசையில் கண்டு மனம் நொந்த மருத்துவர் விஜய கொடகும்புர, மார்மைட் போத்தலின் குள்ளமான, கனத்த வடிவத்தைப் பார்த்து, எளிதில் கவிழாத பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். 1998இல் அதற்காக அவருக்கு உலகப் புகழ்பெற்ற ரோலெக்ஸ் விருது கிடைத்தது. போத்தலால் நேர்ந்த துன்பத்துக்கு இன்னொரு போத்தலில் தீர்வு கண்ட அந்த மனிதரின் அறிவு இன்று நம் கொள்கை வகுப்பாளர்களுக்கு வேண்டும்.

என் ஏக்கம் கண்ணாடியைப் பற்றியதன்று, விலையைப் பற்றியது. அந்த விலை எங்கே போயிற்று?

அமெரிக்காவின் டுபொன்ட் நிறுவனத்தைச் சேர்ந்த நத்தானியேல் வைத் என்பவர் 1973இல் பெட் எனப்படும் பிளாஸ்டிக் போத்தலுக்குக் காப்புரிமை பெற்றார். பாரமில்லாதது, உடையாதது, கண்ணாடியைப் போல் தெளிவானது. 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின்னர் நம் கடைகளின் முகம் மாறத் தொடங்கிற்று. தொண்ணூறுகளில் இந்தப் போத்தல் பெட்டிக்கடை வரை வந்து அமர்ந்துகொண்டது. உற்பத்தியாளருக்கு இது பெரும் வரப்பிரசாதம். வெறும் போத்தலைத் திரும்ப ஏற்றும் லொறிச் செலவு இல்லை. கழுவும் ஆலை, கழுவும் நீர், கழுவும் தொழிலாளி, உடைந்த போத்தலின் நட்டம் என எதுவும் இல்லை. ஆனால் அந்தச் செலவுகள் மாயமாய் மறைந்துவிடவில்லை, இடம் மாறின. நிறுவனத்தின் கணக்கேட்டிலிருந்து மாநகர சபையின் கணக்கேட்டுக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடலுக்கும் போயின. நம் சுது கங்கை அம்பன் கங்கையில் சேர்கிறது, அம்பன் கங்கை மகாவலியில் சேர்கிறது, மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. மாத்தளையில் வீசிய போத்தலுக்குத் திருகோணமலை மீனவனின் வலை விலை கொடுக்கிறது.

இன்னொருவரும் விலை கொடுக்கிறார். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மலையகத்து நகரங்களில் காலை நான்கு மணிக்கு வீதி கூட்டுபவர் யார்? வடிகானுக்குள் கைவிட்டுப் போத்தலை இழுத்தெடுப்பவர் யார்? வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவரப்பட்டு, தலைமுறை தலைமுறையாக அதே வேலையில் வைக்கப்பட்டிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் அவர்களுள் கணிசமானவை. போத்தலைக் கழுவி மீளப் பயன்படுத்தும் வேலையை நிறுவனம் கைவிட்டது, கூட்டி அள்ளும் வேலை இவர்கள் தலையில் விழுந்தது. வடிகானில் தேங்கிய போத்தலில் டெங்கு நுளம்பு பெருகினால் "பொதுமக்களின் அசிரத்தை" என்று தலைப்பு வருகிறது. அந்தப் போத்தலை விற்றவரின் பெயர் செய்தியில் வருவதில்லை. அவருடைய பெயர் வேறொரு பக்கத்தில், முழுப்பக்க வண்ண விளம்பரத்தில் வருகிறது!

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பெரிய பான நிறுவனத்தின் பத்திரிகையாளர் சந்திப்புக்குப் போயிருந்தேன். பாடசாலைகளுக்குக் குப்பைக் கூடைகள் அன்பளிப்புச் செய்யும் விழா அது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். நான் எழுந்து, "வருடத்துக்கு எத்தனை போத்தல் விற்கிறீர்கள்? அவற்றுள் எத்தனை உங்களிடம் திரும்பி வருகின்றன?" என்று கேட்டேன். அந்தத் தகவலைப் பின்னர் அனுப்புவதாகச் சொன்னார்கள். அந்தப் 'பின்னர்' இன்னும் வரவில்லை. போகும்போது எல்லோருக்கும் ஓர் அன்பளிப்புப் பை தந்தார்கள். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் போத்தல் தண்ணீர் இருந்தது.

இந்த வித்தை நம் ஊரில் பிறந்ததன்று. அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலம் 1953இல், திரும்பப் பெறாத பியர் போத்தல்களுக்குத் தடை விதித்தது. மேய்ச்சல் நிலங்களில் எறியப்பட்ட போத்தல்களால் மாடுகள் பாதிக்கப்படுகின்றன என்று விவசாயிகள் முறையிட்டிருந்தார்கள். அதே 1953இல் பொதி, பான நிறுவனங்கள் கூடிக் 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' என்ற அமைப்பைத் தொடங்கின. 'அமெரிக்காவை அழகாக வைத்திருங்கள்' என்பது அதன் பொருள். குற்றம் போத்தலுடையதன்று, எறிபவனுடையது என்பதே அதன் உபதேசத்தின் சாரம். வெர்மொன்ட் சட்டம் நான்கே ஆண்டுகளில் காலாவதியானது. 1971இல் அந்த அமைப்பு வெளியிட்ட தொலைக்காட்சி விளம்பரத்தில், குப்பையைக் கண்டு பூர்வகுடி மனிதர் ஒருவர் கண்ணீர் விடுவார். உலகப் புகழ் பெற்ற கண்ணீர் அது. அழுதவர் பூர்வகுடி அல்லர், இத்தாலிய வம்சாவளி நடிகர் என்பது பின்னாளில் தெரியவந்தது. எழுபதாண்டுப் பழைய அந்த நாடகத்தின் தமிழ் வசனத்தைத்தான் இன்று நம் பாடசாலைப் பிள்ளைகள் பேச்சுப் போட்டியில் ஒப்புவிக்கிறார்கள்.

"மீள்சுழற்சி செய்கிறோமே!" என்பார்கள். 2015 வரை உலகம் உற்பத்தி செய்த பிளாஸ்டிக்கின் கழிவில் மீள்சுழற்சிக்குப் போனது ஏறத்தாழ 9 வீதம் மட்டுமே என்று 2017இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. நூறில் ஒன்பதைக் காட்டித் தொண்ணூற்றொன்றை மறைக்கும் சாமர்த்தியத்துக்கு வேறு பெயர் உண்டு. நான் நாகரிகம் கருதித் தவிர்க்கிறேன்.

இனி நம் அரசுக்கு வருவோம். 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லவில் குப்பை மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களை விழுங்கியது. அந்த அதிர்ச்சியில், அதே ஆண்டு செப்டெம்பரில் உணவு பொதி செய்யும் பொலித்தீன் தாள் தடை செய்யப்பட்டது. 2021 மார்ச் இறுதியில் சிறு சாஷே பக்கெட்டுகளுக்குத் தடை வந்தது. 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், கரண்டி, தட்டு, மாலை, இடியப்பத் தட்டு ஆகியவற்றுக்கும் தடை. இவற்றை நான் எதிர்க்கவில்லை. செவ்விளநீருக்குள் பிளாஸ்டிக் குழாய் செருகுவது அந்த இளநீருக்கே அவமானம்.

ஆனால் பட்டியலை இன்னொரு முறை வாசியுங்கள். பொலித்தீன் தாள் சோற்றுப் பொதிக் கடைக்காரருடையது. இடியப்பத் தட்டு வீட்டில் இடியப்பம் அவித்து விற்கும் பெண்ணுடையது. மாலை கோயில் வாசல் வியாபாரியுடையது. சிறியவர்களின் பொருள்கள் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. வீதியெங்கும் கிடக்கும் பானப் போத்தலோ அதில் இல்லை. இடியப்பத் தட்டைக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கூர்மையான அதிகாரக் கண்ணுக்கு, ஒன்றரை லீற்றர் போத்தல் தெரியாமல் போனது எப்படி?

போத்தல் தண்ணீருக்கு இன்ன அளவுக்கு இன்ன உச்ச விலை என்று 2025இல் வர்த்தமானியில் அறிவித்த அரசு இது. தண்ணீரின் விலையை அளவு வாரியாக நிர்ணயிக்கத் தெரிந்த அரசுக்கு, அதே போத்தலின் வைப்புப் பணத்தை நிர்ணயிக்கத் தெரியாதா? தெரியும். நிறுவனங்களின் மனம் நோகுமே என்ற தயக்கம்தான் தடுக்கிறது.

இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்கள் நீலகிரியைப் பார்க்கட்டும். மாத்தளைக்காரனுக்கு நீலகிரி அந்நிய நாடன்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேற்றப்பட்ட நம்மவர்கள் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்றும் தேயிலை பறிக்கிறார்கள். அங்கே காட்டில் வீசப்பட்ட மதுப் போத்தல்கள் உடைந்து யானைகளின் பாதத்தைக் கிழித்தன. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. 2022 மே மாதத்திலிருந்து நீலகிரியின் டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு போத்தலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கப்பட்டது. வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். விளைவு என்ன? விற்ற போத்தல்களில் மிகப் பெரும்பகுதி திரும்பி வந்தது. கவனியுங்கள், குடித்தவர்கள் குடிகாரர்கள்! யாரும் அவர்களுக்குச் சுற்றாடல் வகுப்பு எடுக்கவில்லை. பத்து ரூபாய் பேசிற்று, போத்தல் திரும்பிற்று. பின்னர் அத்திட்டம் தமிழகத்தின் வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது.

புலம்பெயர் அன்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஜெர்மனியில் 2003 முதல், ஒருமுறை பாவிக்கும் பானப் போத்தலுக்கும் வைப்புப் பணம் கட்டாயம். இன்று அது 25 சென்ட். நோர்வேயில் சிறியதற்கு 2 குரோனர், பெரியதற்கு 3 குரோனர். பனியிலும் பை நிறைய வெறும் போத்தலைச் சுமந்துகொண்டு கடை இயந்திரத்தின் முன் நீங்கள் வரிசையில் நிற்பீர்கள். மிக நல்லது. ஆனால் அதே நீங்கள் மாத்தளைக்கு வந்து, இரத்தோட்டை வழியாக ரிவஸ்டனுக்கு வான் பிடித்துப் போகும்போது, நக்கிள்ஸ் மலைச்சரிவில் ஜன்னல் வழியே போத்தல் பறப்பதை நான் கண்டிருக்கிறேன். விமானம் ஏறியதும் பண்பாடு மாறிவிட்டதா? ஒஸ்லோவில் உங்கள் கையிலிருந்தது 3 குரோனர், ரிவஸ்டனில் இருந்தது வெறும் பிளாஸ்டிக். ஆகவே "நம் சனங்களுக்குச் சுத்தம் தெரியாது" என்று இனிமேல் உபதேசிக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த சுத்தத்தையும் ஒரு சட்டம்தான் கற்றுத் தந்தது.

எதிர்வாதங்களையும் பார்ப்போம். "ஏழைகளுக்குச் சுமை" என்பார்கள். வைப்புப் பணம் வரி அல்ல, திரும்பக் கிடைப்பது. திருப்பிக் கொடுக்காத பணக்காரரின் போத்தலைப் பொறுக்கிக் கொடுப்பவருக்கு அது ஒரு நேர் வருமானம். இன்று சாக்கோடு திரிந்து எடைக்கு விற்பவர், நாளை எண்ணிக்கைக்கு விற்பார்.

"வில்கமுவ போன்ற பகுதிகளில் சிறுநீரக நோய்க்கு அஞ்சும் மக்களுக்குப் போத்தல் தண்ணீர் அவசியமல்லவா?" என்பது இரண்டாவது கேள்வி. இது நியாயமான கேள்வி, வேதனையான கேள்வியும்கூட. மாவட்டத்தின் வடகிழக்கில் காரணம் முழுமையாகத் துலங்காத அந்த நோய் விவசாயக் குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது. அவர்களுக்குச் சுத்திகரித்த நீர் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டிய வழி குழாய், அல்லது தாங்கி, அல்லது மீண்டும் மீண்டும் நிரப்பும் பெரிய கொள்கலன். கொழும்பில் குழாய் நீர் கிடைக்கும் குளிரூட்டிய மண்டபத்தில் அரை லீற்றர் போத்தலை வரிசையாக அடுக்கி வைப்பதற்கு வில்கமுவ விவசாயியைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள்.

மூன்றாவது, "சிறு கடைக்காரருக்கு இடமில்லை, ஆளில்லை" என்பது. அறுபதுகளின் பெட்டிக்கடைக்கு இடம் இருந்தது. அதைவிடப் பத்து மடங்கு பெரிய இன்றைய சுப்பர் மார்க்கட்டுக்கு இல்லையாம்! பியர் போத்தலை மீளப் பெறும் வழக்கம் இந்த நாட்டில் அறவே அழிந்துவிடவும் இல்லை. தெரியாத வித்தை ஒன்றையும் நான் கேட்கவில்லை.

நம் சமூகத்துக்குள்ளும் ஒரு பங்கு இருக்கிறது. மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரி அம்மனின் பஞ்சரத பவனியைக் காண மலையெங்குமிருந்து சனம் வரும். அந்நாளில் வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். மோரும் சர்பத்தும் பெரிய பாத்திரத்தில் இருக்கும், செம்பில் மொண்டு குவளையில் ஊற்றுவார்கள். அண்ணாந்து குடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்போம். இன்று பல ஊர்த் திருவிழாக்களில் தண்ணீர்ப் பந்தல் என்பது போத்தல் பந்தல். தருமம் செய்தவரின் பெயர் பதாகையில், தருமத்தின் எச்சம் தேர்ச் சில்லுக்கு அடியில். தாகம் தீர்ப்பது புண்ணியந்தான். மறுநாள் விடியற்காலையில் அதைப் பொறுக்கும் தொழிலாளியின் முதுகு அந்தப் புண்ணியக் கணக்கில் வரவில்லையே!

ஆகவே என் கோரிக்கை இது. இலங்கையில் விற்கப்படும் ஒவ்வொரு பானப் போத்தலுக்கும், அது கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, தண்ணீரோ சோடாவோ சாராயமோ, சட்டப்படி வைப்புப் பணம் விதிக்கப்பட வேண்டும். விற்ற கடை திரும்பப் பெற வேண்டும், உற்பத்தி செய்தவர் அதன் செலவை ஏற்க வேண்டும். நாடு முழுவதும் ஒரே நாளில் முடியாதெனில் மாத்தளை மாவட்டத்தில் தொடங்குங்கள். சீகிரியாவுக்கும் தம்புள்ளைக்கும் ரிவஸ்டனுக்கும் செம்புவத்தைக்கும் உல்லாசப் பயணிகள் குவியும் மாவட்டம் இது. ஒரு போத்தலுக்கு ஐம்பது ரூபாய் வையுங்கள். ஆறு மாதம் பாருங்கள். அதன் பின்னரும் சுது கங்கையில் போத்தல் மிதந்தால், "நம் சனங்களுக்குச் சுத்தம் தெரியாது" என்று சொல்ல நானும் வருகிறேன்.

அதுவரை பிள்ளைகளின் கையில் குப்பைக் கூடையைக் கொடுத்துப் படம் எடுப்பதை நிறுத்துங்கள். அந்தப் பிள்ளைகளின் பாட்டனாருக்குப் போத்தலைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்திருந்தது. வாங்கிக்கொள்ள மறுத்தவர்கள் நீங்கள்.